பதினேழாம் மனையின் குறுக்குவேலி

மனை 17, உள்பக்கத் துண்டு
1994 ஏப்ரல் 16

பிரேபென் அவர்களுக்கு,

குளிர்காலம் முடிந்து இன்று காலை தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். உங்கள் பக்கக் குழாய் குளிரில் வெடித்திருக்கிறது போலும். வேலிக்கு அடியில் ஓடிவந்து என் ரூபார்ப் பாத்தியைக் குளமாக்கிவிட்டது. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அல்லது வழக்கம்போல் பார்க்க மாட்டீர்கள்.

தோட்டக் கமிட்டியிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும், நீங்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம்மைப் போல ஒரே மனையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இனிமேல் தனித்தனி எண் தரப்போகிறார்களாம். ஆனால் நூறு சதுர மீட்டருக்குக் குறைந்த துண்டுக்கு எண் கிடையாது. செப்டம்பர் முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் சின்னத் துண்டு பெரிய துண்டோடு சேர்ந்துவிடும்.

நம் மனை மொத்தம் இருநூற்றுச் சொச்சம் சதுர மீட்டர். பாதிப் பாதி என்றால் ஆளுக்கு நூறு தேறும் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். எதற்கும் பார்ப்போம் என்று போன ஞாயிறு துணி காயப்போடும் கயிற்றை எடுத்துக்கொண்டு அளந்தேன். என்னிடம் இருப்பது ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு, பிரேபென். மீதி நூற்றைம்பத்தேழும் உங்களிடம் இருக்கிறது.

வேலியை உங்கள் பக்கமாக எட்டு மீட்டரும் கொஞ்சமும் தள்ள வேண்டும். அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அக்டோபரில் நான் என் மண்வெட்டியையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். அங்கே எனக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிவது எதிர்வீட்டு ஜன்னல்.

போடில்

பி.கு. இதை வாசல் பெட்டியில் போடுகிறேன். வேலிக்கு மேலே நாம் கத்திக்கொள்ளக் கூடாது, எழுதித்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று கமிட்டித் தலைவி விபேக்கே போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது.


வெளிப்பக்கம்
ஏப்ரல் 19

போடில்,

குழாயைச் சரிசெய்துவிட்டேன். ரூபார்ப் ஒன்றும் செத்துவிடாது. அது உன்னைப் போல, எதைக் கொட்டினாலும் புளிப்பாகவே முளைக்கும்.

ஆக, விவாகரத்தாகிப் பதினோரு வருஷம் கழித்து என் துண்டு உன் கண்ணை உறுத்துகிறது.

கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட மறுநாள் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கும் கொடிக்கம்பத்திலிருந்து வெளி ரோடு வரைக்கும் நாற்பது மீட்டர். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைப் பிடித்தது யார்? நீ. இருபதாவது மீட்டரில் குச்சி அடித்தோம். அந்த இடத்திலேயே குறுக்கே வேலியாக லிகுஸ்டர் செடி நட்டோம். "எந்தப் பக்கம் வேணும்னு நீயே சொல்லு" என்று உன்னிடம்தான் முதலில் கேட்டேன். நீ உள்பக்கத்தைக் கேட்டாய். ரோட்டுச் சத்தம் இல்லை, சாயங்கால வெயில் முழுக்க உனக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. ஃபிளாட் உனக்கு, மரக்குடில் எனக்கு என்றபோதும் திறக்கவில்லை.

நாற்பதில் பாதி இருபது. முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியாது என்று நினைத்தாயா?

உனக்கு வேண்டியது எட்டு மீட்டர் இல்லை, ஆப்பிள் மரம். நேரடியாகக் கேட்டுவிடு.

பிரேபென்


உள்பக்கம்
ஏப்ரல் 24

பிரேபென் அவர்களுக்கு,

ஆப்பிள் மரத்தை நான் கேட்கவில்லை. அது காய்க்கிற காலத்தில் சரிவில் வேலிக்கு இந்தப் பக்கம் உருண்டு வருகிற நாலு பழமே எனக்குப் போதும்.

மெதுவாகச் சொல்கிறேன், படியுங்கள். நம் மனை ரொட்டித் துண்டு போலச் சதுரமாக இல்லை. இந்தத் தோட்டம் ஒரு முழு வட்டம். அதை இருபத்து நாலு மனையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மனையும் கொடிக்கம்பத்திடம் கூராகத் தொடங்கி ரோட்டோரம் அகலமாக முடிகிறது. வட்டத்தின் இடம் எவ்வளவு என்று பார்க்க ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, இருபத்திரண்டால் பெருக்கி, ஏழால் வகுக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்தீர்கள். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. முழு வட்டம் ஐயாயிரத்துச் சொச்சம். இருபத்து நாலால் வகுத்தால் நம் மனை இருநூற்றொன்பதரை. சரியா?

இப்போது என் துண்டு. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. ஆயிரத்து அறுநூறில் நானூறு என்பது கால். ஆரம் பாதியானால் இடம் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. கயிறு பொய் சொல்லவில்லை. கயிற்றிடம் நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

வட்டத்தோடு சேர்ந்து வளைய வேண்டிய வேலியை நாம் நேராக நட்டோம். அதனால் வளைவுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கீற்று, அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் உங்கள் பக்கம் போயிருக்கிறது. அதை விட்டுத்தருகிறேன்.

என் முனையில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நிற்க முடியும். பதினோரு வருடமாக என் தக்காளிகள் ஏன் இப்படி முண்டியடிக்கின்றன என்று நான் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல்லா மனைக்காரர்களும் கூடிப் பொதுவேலை செய்யும் சனிக்கிழமைகளில் மட்டும் நாம் இருவரும் சரிசமமாகக் களை பிடுங்கினோம்.

போடில்


மே 3

போடில்,

முடியாது.

கணக்கெல்லாம் தாளில் நன்றாகத்தான் இருக்கும். என் கண்ணுக்கு இருபது மீட்டர் அங்கே, இருபது மீட்டர் இங்கே. எட்டு மீட்டர் தள்ளி வேலியைப் பிடுங்கி நடுவதற்கு என் முழங்காலிடம் நீ வந்து கேட்டுப் பார்.

பி.


உள்பக்கம்
ஜூன் 25

பிரேபென் அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முந்தாநாள் நடுவேனில் சொக்கப்பனையின்போது நீங்கள் நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். உங்களுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரக்கூடத் தோன்றவில்லை, காலை மாற்றி மாற்றி நின்றீர்கள். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தபோது விபேக்கே என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"உன் கணக்கு சரிதான் போடில். நானும் போட்டுப் பாத்துட்டேன். ஆனா அந்த ஆளு கையெழுத்து இல்லாம நான் என்ன பண்ண? கேட்டா, 'நான் புடிச்ச கயிறு எனக்குத் தெரியும்'ங்கறான்."

"எங்கிட்ட சொன்னதும் அதேதான்," என்றேன்.

"பேசாம விட்டுடேன். உனக்கும்தான் வயசாகுது. எதுக்கு இந்த மல்லுக்கட்டு?"

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, புகையைச் சாக்காக வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பல் டாக்டரின் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்து, இரண்டு பஸ் மாறி இங்கே வந்து, வேலி முழங்காலில் இடிக்க அந்த நாற்காலியில் உட்கார்கிறேன். எனக்கென்று இருப்பது அதுதான். அதற்காகச் சண்டை போடத் தெம்பில்லை. சண்டை போடாமல் இருக்கவும் முடியவில்லை.

போடில்


வெளிப்பக்கம்
ஜூலை 12

போடில்,

நேற்று முன்தினம் எனக்கு அறுபத்தேழு முடிந்தது. நம் மகள் போன் பண்ணினாள், ஓர்ஹூஸிலிருந்து வர முடியவில்லையாம், குழந்தைகளுக்கு அம்மை. சரி என்றேன். பேக்கரிக்குப் போய் நானே எனக்கு ஒரு வட்டக் கேக் வாங்கிக்கொண்டேன், கிரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்தது. எட்டுப் பேர் சாப்பிடுகிற கேக். ஒரு ஆளுக்கு என்று வாங்க வெட்கமாக இருந்தது.

குடிலில் தனியாக உட்கார்ந்து ஒரு துண்டு வெட்டினேன். வெட்டிய துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரான முனை, அகலமான ஓரம். நம் மனை தட்டில் உட்கார்ந்திருந்தது. சரி, வீம்புக்கென்று வைத்துக்கொள், அதைக் குறுக்கே சரிபாதி நீளத்தில் வெட்டினேன். இரண்டையும் சமையல் தராசில் வைத்தேன்.

முனை ஐம்பது கிராம் இருந்தது. ஓரம் நூற்றைம்பதைத் தொட்டது.

நம்பாமல் இன்னொரு துண்டையும் வெட்டி நிறுத்தேன். மூன்றாவதையும். அப்புறம் நிறுத்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வயிறு சரியில்லாமல் கிடந்தேன். பஸ் டிரைவருக்குக் கணக்கு இப்படித்தான் ஏறும்.

நீ சொன்னது சரி. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் காலையில் எழுந்து பார்த்தால் நடுக்கம்பத்தில் கொடி ஏறியிருந்தது. யாருக்காவது பிறந்தநாள் என்றால்தான் அதை ஏற்றுவோம், அன்றைக்கு இந்த வட்டத்தில் வேறு யாருக்கும் பிறந்தநாள் இல்லை. விபேக்கேவைக் கேட்டேன், அவள் இல்லையாம். யார் ஏற்றியது?

பிரேபென்


உள்பக்கம்
ஜூலை 15

பிரேபென் அவர்களுக்கு,

கேக்குக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

கொடிக்கம்பம் என் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சூரியன் விழுமுன் இறக்கியும் விட்டேன்.

வேலி எப்போது?

போடில்


வெளிப்பக்கம்
ஆகஸ்ட் 20

போடில்,

இருபத்தெட்டு மீட்டரும் கொஞ்சமும். நானும் போட்டுப் பார்த்துவிட்டேன், அதைத் தன்னாலேயே பெருக்கினால் எண்ணூறு, ஆயிரத்து அறுநூறில் சரிபாதி. கயிற்றைப் பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். கயிறு எங்கே போய் நின்றது தெரியுமா? ஆப்பிள் மரத்தின் நடுத் தண்டில்.

தண்டையும் வேரையும் விட்டு ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினால் உன் துண்டு நூறுக்குக் கீழே போகும், பின்னே நகர்த்தினால் என் துண்டு. மரத்தை வெட்டாமல் அங்கே வேலி நட முடியாது. அந்த மரம் நாம் இந்த மனைக்கு வந்த வருஷம் வைத்தது. அதன்மேல் கோடரி வைக்க என்னால் ஆகாது. உன்னாலும் ஆகாது.

ஆகவே முடிவுக்கு வந்துவிட்டேன். முழு மனையையும் உன் பேருக்கு எழுதிவிடுகிறேன். எனக்கு இங்கே என்ன இருக்கிறது? உருளைக்கிழங்கு தோண்டக் குனிந்தால் நிமிர அரைமணி ஆகிறது. சாயங்காலம் ரேடியோ. எனக்கும் அலுத்துவிட்டது போடில். நீ எடுத்துக்கொள். விபேக்கேவிடம் சொல்லிவிடவா?

பிரேபென்


உள்பக்கம்
ஆகஸ்ட் 23

பிரேபென் அவர்களுக்கு,

வேண்டாம்.

நான் பிச்சை கேட்கவில்லை, பாதி கேட்டேன். கால்பங்கைக் கொடுத்துவிட்டு இத்தனை வருடம் பாதி என்றீர்கள், இப்போது பாதி கேட்டால் முழுசையும் தூக்கி எறிகிறீர்கள். எப்போதும் இப்படித்தான். ஒன்று, ஒரு அங்குலம் அசைய மாட்டீர்கள். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவீர்கள். இதற்கு நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் உங்களோடு இருபது வருடம் உட்காரக் கிடைக்கவில்லை எனக்கு.

நீங்கள் போய்விட்டால் அந்தப் பக்கத்தில் ரேடியோ கேட்காது. எனக்கு அது பிடிக்காது, மீன்பிடிச் செய்திகளை இவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்கிற ஆள் வேறு யாருமில்லை. ஆனால் கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்க வேண்டாம்.

மரத்தை வெட்டக் கூடாது. அதில் நானும் உங்கள் பக்கம்தான். வேறு வழி தெரியாவிட்டால் நானே போகிறேன். அதை என் வாயால் சொல்கிறேன், நீங்கள் சொல்லி நான் போகவில்லை.

போடில்


வெளிப்பக்கம்
செப்டம்பர் 11

போடில்,

இதைச் சீக்கிரம் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே வெட்கம் வந்து கிழித்துப் போட்டுவிடுவேன்.

நேற்று பேக்கரிக்குப் போனேன். முழுக் கேக் வாங்கப் பயம், ஒரே ஒரு துண்டு கேட்டேன். "இதையே ரெண்டாக்கிக் குடும்மா, சரிபாதியா," என்றேன். கடைப் பெண் யோசிக்கவே இல்லை, முனையிலிருந்து ஓரம் வரைக்கும் நீளவாக்கில் ஒரே இழுப்பு.

"அப்படி இல்ல, குறுக்க," என்றேன்.

"குறுக்கயா? அப்படி யாராவது வெட்டுவாங்களா? ஒருத்தருக்கு வெறும் முனைதானே கெடைக்கும், பாவம்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் மகளுக்கு எத்தனை பிறந்தநாளுக்கு நாம் கேக் வெட்டியிருப்போம்! ஒரு தடவையாவது குறுக்கே வெட்டினோமா? அன்றைக்கு மட்டும் ஏன் நம் இருவருக்கும் நீளவாக்கு தோன்றவில்லை? கயிற்றைக் கம்பத்தில் கட்டி நம் ரோட்டோர எல்லையின் நடுவுக்கு இழுத்திருந்தால் கணக்கே வேண்டாம், ஆளுக்கு நூற்றைந்து போல விழுந்திருக்கும்.

எனக்குத் தெரிந்துவிட்டது போடில். நீளவாக்கில் போட்டால் நாற்பது மீட்டர் வேலி. நாற்பது மீட்டருக்கும் ஒருவர் பக்கத்தில் ஒருவர். குறுக்கே போட்டால் ஐந்து மீட்டர், அதோடு முடிந்தது. அன்றைக்கு நமக்கு வேண்டியிருந்தது சரிபாதி இல்லை, சின்ன வேலி. நானும் அதைத்தான் விரும்பினேன், நீயும்தான். அதனால்தான் உன் துண்டு கூராக இருப்பது இருவர் கண்ணிலும் படவில்லை.

நான் சொல்வது இதுதான். குறுக்குவேலியைப் பிடுங்கிவிடலாம். நீளவாக்கில் கயிறு போதும், வேலி வேண்டாம். கமிட்டிக்கு எல்லை தெரிந்தால் சரி. கோடு ஆப்பிள் மரத்தின் வழியாகத்தான் போகிறது, ஆனால் கயிறு மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும், வெட்ட வேண்டாம். குடிலின் கதவு வழியாக நுழைந்து மேசை நடுவாக வெளியே போகிறது. அடுப்பு என் பக்கம் வருகிறது, ஜன்னல் உன் பக்கம். நான் பார்த்துவிட்டேன். நீ வந்து பார்.

பிரேபென்


உள்பக்கம்
செப்டம்பர் 14

பிரேபென் அவர்களுக்கு,

பேக்கரிப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சின்ன வேலியைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். உண்மைதான். குச்சி அடித்தபோது எனக்கு ஒரே நினைப்பு, உங்கள் முதுகு கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். அது கிடைத்தது. கிடைத்த பிறகு அந்த முனையில் உட்கார்ந்துகொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருமுவது யார், ஏன் இருமுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சம்மதம். சில விஷயங்கள்:

ரேடியோ சத்தம் பாதி. நிஜப் பாதி, உங்கள் பாதி இல்லை.

உருளைக்கிழங்கை நான் தோண்டுகிறேன். நீங்கள் குனிய வேண்டாம்.

இது எதுவும் பழையபடி ஆகிவிட்டது என்று மகளிடம் சொல்லக் கூடாது. ஆகவில்லை. களைத்துப்போனோம், அவ்வளவுதான்.

வேலியை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முழங்கால்.

போடில்


மனை 17
அக்டோபர் 1

போடில்,

வியாழக்கிழமை நீ கிளினிக்கில் இருந்தபோது விபேக்கே அளவு நாடாவோடு வந்தாள். வேலி இருந்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வேலி எங்கப்பா?"

"தேவைப்படல."

"நாளைக்கே சண்ட வந்தா?"

"வந்தா அப்ப நட்டுக்கறோம். லிகுஸ்டர் சீக்கிரம் வளரும்."

சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டாள். உனக்கு 17 ஏ, எனக்கு 17 பி. கோடு எங்கே போகிறது என்று குடிலுக்குள்ளும் காட்ட வேண்டும் என்றாள், அதனால் தரையிலும் மேசை மேலும் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன். நீ திட்டுவாய் என்று தெரியும். ஆப்பிள் உன் பக்கம் ஒரு கூடை, என் பக்கம் ஒரு கூடை வைத்திருக்கிறேன். எண்ணவில்லை.

நான் நாளை முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கதவைப் பூட்டப் போவதில்லை.

பிரேபென்


அக்டோபர் 2

பிரேபென்,

இதைப் பெட்டியில் போடவில்லை. மேசையில் வைக்கிறேன்.

வேலி இருந்த இடத்தைக் கடக்கும்போது என் கால் தானாக நின்றுவிட்டது. அப்புறம் கடந்து வந்தேன். உன் பாதியில் காபிப்பொடி இருந்தது, என் பாதியில் ஜன்னல் இருந்தது. காபி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உன் சாக்கட்டிக் கோடு சரியாக என் கப்புக்கு அடியில் ஓடியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மேசையில் மட்டும். தரையில் இருக்கிறது, விபேக்கே வந்தால் காட்டு.

எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் முடியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதி வைக்காதே, வாயால் சொல். சனிக்கிழமை தண்ணீரை நிறுத்துகிறார்கள், நான் வருகிறேன். குளிர்காலத்துக்கு அந்தக் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். நாற்பது மீட்டர், உன்னால் தனியாக ஆகாது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

போடில்